புகை போட்ட மாத்திரை

அப்புசாமி அண்ணனிடம் மணி என்ன என்று கேட்டால் சொல்லிவிடுவார். சொன்ன கையோடு, "எதுக்குக் கேக்கற?" என்றும் கேட்பார். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் அவர் மேஸ்திரி, நான் தீவன மில்லில் அரவை பார்க்கிறவன். பண்ணைக்குள்ளேயே வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் அவர் வீடும் என் வீடும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. இத்தனை வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருக்கிறோம். இன்றைக்கும் என் வீட்டிலிருந்து மோர் கொடுத்துவிட்டால், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொம்பை உள்ளே கொண்டுபோவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் முதலாளி அவருக்குச் சம்பளமே கொடுக்கிறார். கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் நோய் தானாகப் பறந்து வருவதில்லை. லாரி டயரில் வரும், செருப்பில் வரும், முட்டை அட்டையில் வரும். எல்லாவற்றையும்விட, பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிக்கு ஊசி போடுகிற ஆட்களோடு வரும். இன்று நம் கொட்டகை, நாளை ராசிபுரம், மறுநாள் வேறெங்கோ என்று போகிறவர்கள் அவர்கள். அவர்களை அண்ணன் கேட்டிலேயே நிறுத்திக் குளிக்க வைத்து, பண்ணைத் துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்லித்தான் உள்ளே விடுவார். பொருள் என்றால் புகை அறைக்குப் போக வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத சின்ன அறை அது. உள்ளே சாமானை அடுக்கி, மண்சட்டியில் பர்மாங்கனேட்டைப் போட்டுப் பார்மலினை ஊற்றிக் கதவைச் சாத்திவிட்டால் கிருமியைக் கொல்கிற புகை குபுகுபுவென்று கிளம்பும். கண் எரியும், மூக்கு எரியும். அட்டை, கயிறு, ஸ்பேனர், கூரியரில் வந்த கவர் என்று எது வந்தாலும் அதற்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும்.

அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கோழியைக் குழி தோண்டிப் புதைத்த வருஷத்திலும் எங்கள் பண்ணையில் ஒரு கொட்டகைகூடக் காலியாகவில்லை. முதலாளி போகிற இடத்திலெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அண்ணனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். அப்புறம் அவரிடம் யார் என்ன சொல்ல முடியும்?

அவருக்கு ஒரே பெண், தமிழினி. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. விழாமலே முட்டியில் நீலம் பாய்ந்தது. பல் விளக்கினால் ரத்தம் வந்தது. நாமக்கல் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, உடனே சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். அண்ணன் வெளியே வந்து, "ரெண்டு டாக்டருக்கும் கமிஷன் இருக்கும்" என்றார். ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கேயும் அதையே சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தப் புற்றுநோய். "குழந்தைகளுக்கு வர்றதுல இது குணமாகற வகைதான். ஆனா முழுசா முடியறவரைக்கும் மருந்தை நடுவுல விடவே கூடாது" என்று அங்கே குழந்தைகள் வார்டு டாக்டர் சொன்னதை அண்ணனே வந்து என்னிடம் சொன்னார். சொல்லும்போது அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஊசி, ரத்தம் ஏற்றுவது, வாய்ப்புண், தலை மொட்டை. ஒருவழியாகக் கஷ்டமான கட்டம் தாண்டியது. அதன் பிறகு வீட்டிலேயே தினமும் மாத்திரை, மாதம் ஒரு முறை சேலத்துக்குப் போய் ரத்தம் பார்த்து ஊசி போட்டுக்கொண்டு வருவது என்றானது. சின்னப் பிள்ளைக்கு முழு மாத்திரை ஆகாது என்பதால், ஆஸ்பத்திரியிலேயே அளவாக வெட்டிக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் தன் கையால்தான் கொடுப்பார். பெண்டாட்டியைக்கூட நம்பமாட்டார். ஆத்தாயி அக்கா அதற்கெல்லாம் வருத்தப்படுவதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் கொரோனா வந்து ஊரை அடைத்தார்கள். அண்ணன் தன் வீட்டையும் ஒரு கொட்டகையாக மாற்றினார். வாசலில் சுண்ணாம்புக் கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் கால் முக்குவதற்கு மருந்துத் தொட்டி. அக்கா வெளியே வரக் கூடாது, பிள்ளை ஜன்னல் பக்கம்கூடப் போகக் கூடாது.

ஊரும் சும்மா இல்லை. அதற்கு முன்பே ஒருநாள் ரேஷன் கடைக்குப் போன அக்காவைக் கண்டதும் வரிசை கலைந்தது. "மொட்டத்தலையும் மாஸ்க்குமா ஒரு புள்ளை இருக்குதே, அதுக்கு அதுதானாமா?" என்று காது கேட்கவே பேசினார்கள். யாரோ போன் பண்ணிச் சொல்லிப் பிள்ளையைக் கொண்டுபோய் அடைத்துவிடப் போகிறார்கள் என்று அண்ணனுக்குப் பயம். எவன் செல்போனைக் காதில் வைத்தாலும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் எல்லாரையும் சந்தேகப்பட்டார். எல்லாரும் அவரைச் சந்தேகப்பட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊரும் அவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து பிரபா என்கிற நர்ஸ் போன் செய்தாள். குழந்தைகள் வார்டை வேறு கட்டடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், மல்லூர் செக்போஸ்ட்டில் பாஸ் கேட்கிறார்கள், பாப்பாவை இந்த மாதம் அலைக்கழிக்க வேண்டாம், மாத்திரையை உங்கள் ஊர் நர்ஸ் பழனியம்மாளிடம் கொடுத்துவிடுகிறோம், ரத்தமும் அவரே எடுத்து அனுப்பிவிடுவார் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறாள். கேட்டுவிட்டு அண்ணன் நேராக எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் இருக்கும் வேலிப் பக்கம் வந்தார்.

"தனபாலு, ஒருநா தள்ளிப் போனாலே சத்தம் போட்டவிய, இப்ப வராதீங்கங்கறாங்க. ஊடு தேடி மருந்து வருதாமா. ஏன்?"

"ஊரே அடைச்சுக் கெடக்குதுங்கண்ணா. அதுனாலதான்."

"அதையேதான் அவளும் சொல்றா" என்றார் சந்தேகமாக.

பழனியம்மாள் வந்தார். வயசானவர். ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய், தனிமைப்படுத்திய வீடுகளில் காய்ச்சல் பார்க்கிற வேலை அவருக்கு. அண்ணன் கண்ணுக்கு அவர் நர்ஸாகத் தெரியவில்லை, பண்ணை பண்ணையாகப் போகிற ஊசிக்கார ஆளாகத்தான் தெரிந்தார்.

"நர்சம்மா, அங்கயே நில்லுங்க. ஒரு நாளைக்கு எத்தனை ஊட்டுக்குப் போறீங்க?"

"எல்லா ஊட்டுக்கும்தானுங்க."

"அதைத்தான் சொல்றேன். கவரை அந்த வேலிக் கம்பத்துல மாட்டிட்டுப் போங்க."

"ரத்தம் எடுக்கோணுமுங்களே."

"அதப் பொறவு பாத்துக்கலாம்."

நர்சம்மா கவரை மாட்டிவிட்டுப் போனார். அண்ணன் ஒரு குச்சியால் அதை எடுத்துக்கொண்டு புகை அறைக்குப் போனார். பிளாஸ்டிக் கவரை மட்டும் தூரப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த காகிதக் கவர்களை முட்டை அட்டையில் பரப்பி வைத்து, சட்டியில் மருந்தை ஊற்றிக் கதவைச் சாத்தினார். நான் மில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் பண்ணையில் அது கை கழுவுவது மாதிரி. வெளியிலிருந்து வந்ததற்குப் புகை போடாமல் இருந்திருந்தால்தான் எனக்கு வித்தியாசமாகப் பட்டிருக்கும்.

அன்றைக்கு மாத்திரையை வாயில் போட்டதும் பிள்ளை குமட்டி வாந்தி எடுத்தாள். மறுநாளும் அப்படியே. அண்ணன் மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் முன்னே மாதிரி இல்லை, மங்கியிருந்தது. மோந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷமாக அந்தப் புகையிலேயே நின்ற மூக்கு, அதற்கு எப்படித் தெரியும்? ஆகவே அவர் ஒரே முடிவுக்குத்தான் வந்தார். மருந்து போலி, இல்லாவிட்டால் காலாவதியானது. கூட்டம் வராத நேரம் பார்த்து, கிடப்பில் கிடந்ததை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்துப் பிரபா போன் செய்தாள். "பாப்பா எப்படி இருக்காங்க? மாத்திரை போட்டா வாந்தி ஏதும் வருதுங்களா?"

அது வழக்கமாக எல்லாப் பெற்றோரிடமும் கேட்கிற கேள்வி. அண்ணனுக்கோ திருடன் கையும் களவுமாக மாட்டினாற்போல் இருந்தது. "இல்லீங்க, நல்லாருக்கறாங்க" என்று வைத்துவிட்டு வேலிக்கு ஓடி வந்தார்.

"பாத்தியா தனபாலு? வாந்தி வருமுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சேதான் குடுத்துவுட்டுருக்கறாங்க."

"அப்படியிருந்தா எதுக்குங்கண்ணா போன் பண்ணிக் கேக்கறாங்க?"

"நாம்ப கண்டுபுடிச்சுட்டமான்னு தெரிஞ்சுக்கத்தான்."

இப்படிப் பேசுகிற மனுஷனிடம் என்னவென்று சொல்வது? அன்றிலிருந்து மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு, வாந்தி வராத மாத்திரை என்று சொல்லி ஒரு கல்கண்டைப் பிள்ளை வாயில் போட்டார். குடுத்தாச்சா என்று அக்கா கேட்டால், குடுத்தாச்சு என்பார். விஷயத்தை என்னிடம் மட்டும்தான் சொன்னார். பொய் சொல்வதில் அவருக்குச் சந்தோஷமில்லை. தன் பெண்ணை விஷத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கைதான் என்னைப் பயமுறுத்தியது.

"நடுவுல விடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னதா நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க."

"பூசணம் புடிச்ச தீவனம் வந்தா நீ என்ன பண்ணுவ? கோழிக்குப் போடுவியா?"

"போடமாட்டேன். குடுத்தவனுக்குப் போனைப் போட்டுச் சொல்லுவேன்."

"சொன்னா மாத்தித் தருவாங்கன்னு நெனைக்கறயா? குத்தம் சொல்றான்னு ஆஸ்பத்திரி லிஸ்ட்டுல இருந்து புள்ளை பேரையே எடுத்துருவாங்க. அப்பறம் நான் எங்க போவேன்?"

நாமக்கல் மருந்துக் கடைகளில் கேட்டார், இல்லை என்றார்கள். பெங்களூருக்கு முட்டை ஏற்றிப் போகிற டிரைவரிடம் வாங்கி வரச் சொன்னார். அவன் சரி என்று கிளம்பியதும், வழியில் எதையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுவான் என்று போன் பண்ணி வேண்டாம் என்றார். நாள் போய்க்கொண்டிருந்தது. மாத்திரை இல்லாததால் வாந்தியும் இல்லை. பிள்ளை தெளிச்சியாக இருந்தாள், பாட்டுப் பாடினாள். "பாரு, நிறுத்துனதும் எப்படித் தேறிட்டா" என்று அவர் என்னிடம் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் மாத்திரை நின்று எத்தனை நாளாயிற்று என்று விரல் விட்டு எண்ணினேன். நோய் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறதோ, யார் கண்டது?

எனக்குப் பொறுக்கவில்லை. மில்லுக்குப் பின்னால் போய் நின்று பழனியம்மாளுக்குப் போன் செய்தேன். பிள்ளைக்கு மாத்திரை போகவில்லை, புது மாத்திரையோடு வாருங்கள் என்று சொன்னேன். அண்ணனுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிக்கமாட்டார் என்று தெரியும். விழிக்காவிட்டால் போகட்டும் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் நர்சம்மா வந்தார். இந்த முறை கம்பத்தருகே நிற்காமல் சுண்ணாம்புக் கோடுவரை வந்தார். அண்ணன் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"ஆத்தாயி அம்மிணி" என்று நர்சம்மா வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அக்கா வெளியே வந்தாள், பின்னாலேயே தமிழினி. "பாப்பாவுக்கு மாத்திரை குடுக்கறதில்லைன்னு கேள்விப்பட்டேனுங்க. நெசமுங்களா?"

"தெனமும் குடுக்கறாருங்களே" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன தெரிந்ததோ, அவள் கை தானாகப் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டது.

அண்ணன் அக்காவைப் பார்க்கவில்லை. வேலி ஓரத்தில் நின்ற என்னைத்தான் பார்த்தார். பிறகு நர்சம்மாவிடம் திரும்பினார்.

"நீங்க குடுத்த மருந்து சரியில்லைங்க. கலரே மாறியிருக்குது. போட்டாப் புள்ளை வாந்தி எடுக்கறா. கெட்ட மருந்தை எப்படிங்க குடுக்கறது?"

நர்சம்மா கோபப்படவில்லை. பையிலிருந்து புதுக் கவரை எடுத்து, அண்ணனைத் தாண்டி அக்காவிடம் நீட்டினார். "அதே மருந்துதானுங்க, அங்கிருந்தே வந்தது. நீங்களே பாருங்க."

அண்ணன் தடுப்பதற்குள் அக்கா வாங்கிப் பிரித்துவிட்டாள். பழைய ஞாபகத்தில் பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். சுளிப்புப் போய்விட்டது. இன்னொரு தரம் மோந்து பார்த்தாள்.

"இதுல அப்பா வாசம் இல்லீங்கம்மா" என்றாள்.

"என்ன வாசம் சாமி?" என்றாள் அக்கா.

"போன தடவை குடுத்ததுல அடிச்சுதே. புகை ரூம்புல இருந்து வரப்ப அப்பா மேல அடிக்குமே, அது."

அண்ணன் விரித்த கைகள் கீழே இறங்கின. தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். அப்போதும் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"நீங்க என்ன பண்ணுனீங்க?" என்று அக்கா கேட்டாள். அத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து அவள் கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை.

"எல்லாத்துக்கும் போடற மாதிரிதான்" என்றார். "புகை போட்டேன்."

நர்சம்மா அங்கிருந்தே பிரபாவுக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி வைத்தார். வசவு விழும் என்று அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிரபா திட்டவில்லை. கடைசியாக மாத்திரை போனது எப்போது என்று மட்டும் கேட்டாள். அண்ணன் முதன்முறையாக உண்மையைச் சொன்னார். விட்டுப் போனதையெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், இன்றைக்குள்ளதை மட்டும் கொடுங்கள், உடனே ரத்தம் எடுத்து அனுப்புங்கள் என்றாள்.

"அம்மிணி, நோவு திரும்பியிருக்குமுங்களா?" என்று அண்ணன் போனைப் பார்த்துக் கேட்டார்.

"இப்பச் சொல்ல முடியாதுங்க. ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும்."

அண்ணன் தானே நர்சம்மாவுக்கு வழிவிட்டார். அவசர அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்போதும்போல் பிள்ளையை மடியில் வைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளத் தயாரானார். ஆஸ்பத்திரியில் எத்தனை ஊசி போட்டிருக்கிறார்கள், அத்தனைக்கும் அவர்தான் பிடித்துக்கொண்டவர். தமிழினி கிட்டே வரவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா வேண்டாம். அம்மா புடிச்சுக்கட்டும்" என்றாள்.

அண்ணன் எழுந்து, அக்காவுக்கு நாற்காலியை விட்டுவிட்டு, புகை அறைப் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கிட்டே போய் நின்றேன். "போன் பண்ணுனது நீதானே?" என்றார். ஆமாம் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்த ரத்தம் போய் முடிவு வருகிறவரை அவர் கொட்டகைக்கு வரவில்லை. முதலாளி கூப்பிட்டும் வரவில்லை. போனையே பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ரத்தத்தில் கெட்டது ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பிரபா சொன்னாள். பாஸ் இருந்த முட்டை வேனில் மூன்று பேரும் சேலத்துக்குப் போனார்கள். முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, எலும்பு மஜ்ஜையையும் எடுத்துப் பார்த்து, நோய் திரும்பவில்லை என்று டாக்டர் சொன்னார். கொரோனா வார்டுக்கு ஆட்களை எடுத்துக்கொண்டு போய்விட்டதால் பாதி ஆட்களோடு ஓடிக்கொண்டிருந்த இடம் அது. அப்படியிருந்தும் ஒரு பிள்ளைக்கும் மருந்து நின்றுவிடக் கூடாது என்று இரவும் பகலும் ஊர் ஊராகப் போன் போட்டுக்கொண்டிருந்தார்களாம். திரும்பி வந்து அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அக்காதான் மாத்திரை கொடுத்தாள். பழனியம்மாள் வீட்டுக்குள் வந்து ரத்தம் எடுத்தார். மருந்து முடிந்து இப்போது வருஷக் கணக்காகிறது. தமிழினியின் சடை இடுப்பைத் தொடுகிறது. டாக்டர் வருஷத்துக்கொரு முறை வந்து காட்டினால் போதும் என்கிறார்.

சென்ற வாரம் தமிழினி பள்ளிக்கூடத்திலிருந்து தலைவலி என்று வந்தாள். அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். அண்ணன் கடைக்கு ஓடிப் போய் ஒரு மாத்திரை வாங்கி வந்து, தண்ணீர்ச் சொம்போடு நீட்டினார். அவள் வாங்கி, அட்டையைப் பிரித்து, மாத்திரையை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள். நிதானமாக, இரண்டு பக்கமும் திருப்பி. அதற்குப் பிறகுதான் வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு அது பழகிப்போன காரியம், யாரையும் குத்திக் காட்டுவதற்குச் செய்யவில்லை. அவள் மோந்து முடிக்கும்வரை அண்ணன் கையில் சொம்போடு அசையாமல் நின்றிருந்தார்.

நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மோந்து பாத்தே போடட்டும் தனபாலு" என்றார். "பெத்த அப்பன் குடுத்தாலும் மோந்து பாத்துத்தான் போடோணும்."